அத்தா வைத்த கைநாட்டு

9 செப்டம்பர் 2024, திங்கள்

இன்றைக்கும் ஒரு ‘வருந்துகிறோம்’. உதவித்தொகை கேட்டு எழுதியதில் இது நான்காவது.

நெதர்லாந்தில் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்தும் பணமில்லாமல் இந்த வருஷம் சேர முடியவில்லை. அடுத்த செப்டம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். தென்கிழக்காசிய ஆய்வு. மலாய் மொழி, அந்த நாடுகளின் வரலாறு. கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றால் வீடு தேடி வந்து கடன் தருகிறார்கள். மலாய் என்றதும் பேங்க் மேனேஜர் ஃபாரத்தை மூடி வைத்துவிட்டார். “அதைப் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?”

கிடைக்கிற வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த மொழி வேண்டும். மலேசியாவில், தைப்பிங்கில் ஒரு ஓட்டலில் கேஷியராக இருந்த அத்தா ஊருக்கு வரும்போதெல்லாம் கூட்டாளிகளோடு போனில் பேசுவாரே, அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்த ஆசை. மற்றதை யூடியூப் செய்தியிலும் அவர் வாங்கி வந்த பள்ளிக்கூடப் புத்தகங்களிலும் பிடித்துக்கொண்டேன். தப்பாகச் சொன்னால் பேப்பருக்குப் பின்னாலிருந்தே திருத்துவார்.

“பதில் வந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“இன்னும் வரலத்தா.”

தலையாட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். வாசலில் இருக்கும் கரும்பலகையில் அவர்தான் எழுதுவார். யார் மவுத், எப்போது அடக்கம், ஜும்ஆவில் யார் பேசுகிறார்கள், எல்லாம். முட்டி வலி வந்து 2019-ல் ஊரோடு திரும்பிய பிறகு அவருக்கு அதுதான் வேலை மாதிரி. எங்கள் பாலக்கரையில் பாதிப் பேர் அந்த எழுத்தைப் பார்க்கவே நிற்பார்கள். அச்சு மாதிரி இருக்கும்.

21 செப்டம்பர், சனி

ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம். கூடப் படித்த சுபஸ்ரீக்கு அங்கேதான் வீடு. அவள் என்னை பீமராவ் சாரிடம் கூட்டிப் போனாள். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் திருத்திக் கொடுக்கிறார். சென்னை அறக்கட்டளை ஒன்று கலைப் படிப்புக்கு முழுச் செலவும் தருகிறதாம். வருஷத்துக்கு மூன்றே பேர்.

நான் எழுதிக்கொண்டு போனதை இரண்டு தடவை படித்தார்.

“நன்னா எழுதியிருக்கே. இலக்கணம் இருக்கு, கப்பல் இருக்கு, வியாபாரம் இருக்கு. நீ எங்கே இருக்கே இதுலே? படிக்கிறவா மனசு இளகணும்மா. அப்பா என்ன பண்றார்?”

“மலேசியாவில ஓட்டல்ல கேஷியரா இருந்தாங்க சார். இப்ப வீட்டிலதான்.”

“கேஷியரா...” பேனாவால் மேஜையைத் தட்டினார். “அதை அழுத்திச் சொல்லாதே. ஓட்டல் தொழிலாளின்னு போடு. பொய்யில்லையே?”

பொய்யில்லைதான்.

22 செப்டம்பர், ஞாயிறு

அனுப்பிவிட்டேன். எப்படி எழுதினேன் என்பதை இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

‘ஓட்டல் தொழிலாளி’ என்று போட்டேன். சப்பென்று இருந்தது. ‘பத்தொன்பது வருடம் எச்சில் தட்டு கழுவியவர்’ என்று மாற்றினேன். அத்தா தட்டு கழுவியதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஒரு ஓட்டல் என்றால் யாராவது கழுவத்தானே வேண்டும்?

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்.’ ‘எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் புத்தகம் நான் கொண்டுவந்தது.’ ‘மலாயை யாருடைய உதவியும் இல்லாமல் கற்றேன்.’

பீமராவ் சார் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் அத்தா அம்மாவுக்குத் தினசரியைச் சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். காவிரியில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று.

14 அக்டோபர், திங்கள்

பத்துப் பேர் பட்டியலில் என் பெயர். வீட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பார்களாம். அதை நான் ஏன் யோசிக்கவே இல்லை?

25 அக்டோபர், வெள்ளி

நாளைக்கு வருகிறார்கள். அத்தாவிடம் சொல்லவேண்டும். மூன்று தடவை பக்கத்தில் போய் நின்றேன். “என்னம்மா?” என்றார். “டீ போடவா?” என்று கேட்டுவிட்டு வந்தேன். மூன்று தடவையும் டீ.

26 அக்டோபர், சனி

வந்தவர் பெயர் செந்தமிழன். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, அம்மா கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஐயா, உங்க பொண்ணு எழுதினதைத் தமிழ்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். படிக்கிறேன். சரியா இருக்கான்னு நீங்க சொன்னாப் போதும்.”

படித்தார். ஒவ்வொரு வரியும். அறைக்குள் மின்விசிறியும் அவர் குரலும்தான். எச்சில் தட்டு வந்ததும் அத்தாவின் முகம் மாறியது. என்னை ஒரு தடவை பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததில்லை. கோபம் இல்லை. திடுக்கிட்ட மாதிரி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் கேட்டார்.

“சரிதாங்களா ஐயா?”

சொல்லிடுங்கத்தா, சொல்லிடுங்க என்று நினைத்தேனா, சொல்லிடாதீங்க என்று நினைத்தேனா? இரண்டாவதுதான். அதுதான் உண்மை.

“ஆமாங்க தம்பி. சரிதான்.”

ஸ்டூலின் மேல் பேப்பர் கிடந்தது. செந்தமிழன் பேச்சுவாக்கில், “பேப்பர் யாருங்க படிக்கிறது?” என்றார்.

“புள்ளைதாங்க. நமக்கு ஏது...” சொல்லிக்கொண்டே, பேப்பர் மேல் இருந்த கண்ணாடியை உள்ளே வைத்துப் பேப்பரை மடித்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. தோளில் கிடந்த துண்டை இழுத்து நெஞ்சோடு போட்டுக்கொண்டார்.

படிவத்தில் பெற்றோர் கையொப்பம் கேட்டிருந்தது. செந்தமிழன் தயங்கிக்கொண்டே பையிலிருந்து மை அட்டையை எடுத்தார். அத்தா இடது கைப் பெருவிரலை நீட்டினார். அது எப்படி வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. செந்தமிழன்தான் விரலைப் பிடித்து உருட்டினார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றேன்.

அவர் போனதும் அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். என்னிடம் நேராக வந்தாள்.

“இருபது வருஷம் காயிதத்துலயே குடும்பம் நடத்தினவடி நான். எனக்கு வாரம் ஒண்ணு எழுதின மனுசன் கைநாட்டா?”

“சுராயா, விடு,” என்றார் அத்தா. “புள்ளை போவட்டும். போய்ப் படிக்கட்டும்.”

27 அக்டோபர், ஞாயிறு

மை போகவில்லை. தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் நிறுத்திவிட்டார்.

18 நவம்பர், திங்கள்

கிடைத்துவிட்டது. கல்லூரிக் கட்டணம், தங்கும் செலவு, விமானம், எல்லாம்.

சுபஸ்ரீ போனில் கத்தினாள். அம்மா இறைவனுக்கு நன்றி சொல்லி ஷுக்ரியா தொழுதாள். அத்தா என் தலையில் கை வைத்து, “அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்,” என்றார். பெரிய கடைவீதிக்குப் போய் ஸ்வீட் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். முட்டி வலியோடு நடந்தே.

என் பங்கு லட்டை யாரும் பார்க்காமல் டப்பாவில் திரும்ப வைத்தேன்.

29 நவம்பர், வெள்ளி

அறக்கட்டளை ஒரு அறிவிப்பு போட்டிருக்கிறது. என் படம், பக்கத்தில் அத்தாவின் படம். செந்தமிழன் அன்றைக்கு எடுத்தது. மேலே கொட்டை எழுத்தில்: ‘கைநாட்டுத் தந்தையின் மகள் கடல் கடக்கிறார்!’

காலையிலேயே ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். கீழே வரிசையாக வாழ்த்து. நடுவில் அடுத்த தெரு ரஃபீக்: “பரக்கத் அலி பாய்க்கு எழுதத் தெரியாதா? அப்ப போர்டுல எழுதுறது ஜின்னா, பூதமா?” சிரிப்புப் பொம்மைகள் பதினெட்டு. எண்ணினேன்.

அத்தாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

ஜும்ஆவுக்குப் போய்விட்டு சீக்கிரமே வந்துவிட்டார். “கூட்டம்,” என்றார்.

6 டிசம்பர், வெள்ளி

பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டுப் பள்ளிவாசல் வழியாக வந்தேன். பலகையில் வேறு கையெழுத்து. கோணல் மாணலாக, ‘அடக்கம்’ என்பதில் ஒரு எழுத்தை விழுங்கி. ரஃபீக் எழுதியதாம்.

வாசலில் இருந்த, பாங்கு சொல்கிற மோதினாரிடம் கேட்டேன்.

“ஒங்கத்தாதான் வேண்டாம்னுட்டாரும்மா. கை வலிக்குதாம். போன வாரத்திலேர்ந்தே வரல.”

கை வலி இல்லை. நான் எழுதிய பொய் நிற்கவேண்டும் என்று அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தெருவுக்கு முன்னால், தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று காட்டிக்கொண்டு, எத்தனை வருஷம்? நான் படித்துத் திரும்புகிற வரைக்குமா? அதற்குப் பிறகும்தானே?

வீட்டுக்குப் போகாமல் தெருக்கோடி வரை நடந்து திரும்பினேன்.

7 டிசம்பர், சனி

அறக்கட்டளைக்கு எழுதினேன். பதினோரு வரி. என் தந்தைக்குத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரியும், அவர் கேஷியராக இருந்தவர், என் மலாயைத் திருத்தியவர் அவர், விண்ணப்பத்தில் அவரைப் பற்றி நான் எழுதியது பொய், அவர் கைநாட்டு வைத்தது என்னைக் காப்பாற்ற. இதில் அவர் தவறு ஒன்றுமில்லை.

பணத்தேவை மட்டும் உண்மை என்று ஒரு வரி எழுதி, அழித்தேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

12 டிசம்பர், வியாழன்

ரத்து. மூன்று வருஷத்துக்கு அங்கே விண்ணப்பிக்க முடியாது. வாய்ப்பு காத்திருப்புப் பட்டியலில் அடுத்ததாக இருப்பவருக்குப் போகிறது. அந்த அடுத்தவரைப் பற்றி இத்தனை நாள் நான் நினைத்தே பார்க்கவில்லை. ஒருவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

செந்தமிழன் தனியாகப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “உங்க அப்பா விரலைப் பிடிச்சு நான் உருட்டினேனேங்க,” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அத்தாவிடம் சொன்னேன்.

“யாரைக் கேட்டு எழுதின?”

“அத்தா, அது பொய்...”

“பொய்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே வச்சேன்! நான் வச்சதை எடுக்க நீ யாரு?”

என் இருபத்து நான்கு வயதில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் முறை. “எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன். ரஃபீக் பேச்சையும் வாங்கிக்கிட்டேன். எதுக்கு? இதுக்கா? நீயும் போகல, என் மானமும் போச்சு.”

அவர் மானத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் அவரைக் கேட்காமலே செய்திருக்கிறேன். முதல் தடவை மாதிரியே.

3 ஜனவரி 2025, வெள்ளி

பேசுவதில்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம். ‘ஒங்க அத்தா கேட்டாரு’, ‘ஒங்க மவ வந்துட்டா’.

20 ஜனவரி, திங்கள்

லால்குடியில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம். காலையில் ரயில். பக்கத்து சீட் டீச்சர் இருசம்மாள், “நீங்க ஃபாரின் போறதா வாட்ஸ்அப்ல வந்துச்சே?” என்று கேட்டார். போகவில்லை என்றேன். ஏன் என்றார். பொய் சொன்னேன் என்றேன். அவர் ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். போகவில்லை என்றதுதான் பொய் என்று புரிந்துகொண்டாரோ என்னவோ.

9 பிப்ரவரி, ஞாயிறு

நெதர்லாந்தை விட்டுவிட்டேன். சுபஸ்ரீ ஒரு இணைப்பு அனுப்பினாள். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம். மலாய் ஆய்வில் முதுகலை. துறையிலேயே உதவியாளர் வேலை, அதில் கட்டணமும் சாப்பாடும் கழிந்துவிடும். இரண்டு பக்க ஆய்வுத் திட்டம், மலாய் வாசிப்புத் தேர்வு, மலாயிலேயே நேர்காணல்.

விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை தேடினேன். குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எவ்வளவு ஏழை, யார் படித்தார், யார் கழுவினார், ஒன்றும் இல்லை. எனக்கு மலாய் தெரியுமா என்பது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும்.

இப்படி ஒன்று இருக்கும் என்று தேடியே பார்க்காமல்...

6 மார்ச், வியாழன்

நோன்பு ஐந்து. இன்றைக்குத் தெரு சிரித்தது.

ரஃபீக் நோன்பு திறக்கும் நேரத்தைப் பலகையில் ஆறு நிமிஷம் முன்னால் எழுதிவிட்டான். இரண்டு பேர் பாங்கு கேட்காமலே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள். பெரிய ரகளை. ஜமாஅத் தலைவரே வீட்டுக்கு வந்துவிட்டார். “பரக்கத் அலி, கை வலியாவது கால் வலியாவது. எங்க நோன்பைக் காப்பாத்துங்க.”

அத்தா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

13 மார்ச், வியாழன்

நேர்காணலுக்கு இன்னும் எட்டு நாள். பேசிப் பழக ஆள் வேண்டும். யாரிடம் போவேன்?

அத்தா அஸர் தொழுதுவிட்டு வந்து சாய்ந்திருந்தார். நான் நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டே, அவரிடம் என்று இல்லாமல், மலாயில் கேட்டேன்: முட்டிக்குத் தைலம் போட்டாச்சா?

இஞ்சி முழுவதையும் நறுக்கி முடித்தேன். பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து, “பெலும்.”

இன்னும் இல்லை. அந்த மொழியில் இல்லை என்பதற்கு ஒரு சொல், இன்னும் இல்லை என்பதற்கு வேறு சொல். மூன்று மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

தைலத்தை எடுத்துப் போய் முட்டியில் தேய்த்தேன். “நீ கேள்வியை இழுக்குற,” என்று தமிழில் சொன்னார். “அங்க யாரும் அப்படி இழுக்க மாட்டாங்க. திருப்பிச் சொல்லு.”

21 மார்ச், வெள்ளி

வீட்டிலிருந்தே வீடியோவில் நேர்காணல் முடிந்தது. இருபது நிமிஷம் என்றார்கள், நாற்பது ஆனது. மலாய் எங்கே கற்றீர்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். வீட்டில், என் தந்தையிடம் என்றேன். “தெரிகிறது, வடக்குப் பேராக் பேச்சு வருகிறது,” என்று சிரித்தார். தைப்பிங் இருக்கிற மாநிலம்தான் பேராக்.

அத்தா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார். முட்டி வலியோடு நாற்பது நிமிஷம்.

17 ஜூன், செவ்வாய்

கிடைத்தது.

அத்தாவிடம் கடிதத்தையே கொடுத்தேன். படித்தார். மடித்தார். “செப்டம்பர்ல மழை ஆரம்பிச்சிரும். குடை இங்கேயே வாங்கிக்க, அங்க விலை ஜாஸ்தி,” என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை அசைத்து நிறுத்திவிட்டார். இன்னும் கேட்கவில்லை. அவர் விடுவதில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

புதிதாகச் சேருகிறவர்கள் தங்களைப் பற்றி மலாயில் ஒரு பத்தி எழுதி அனுப்பவேண்டுமாம். துறைப் பலகையில் போடுவார்கள். எழுதி, அனுப்புவதற்கு முன்னால் அத்தாவிடம் நீட்டினேன். இனிமேல் அவரைப் பற்றி ஒரு சொல் எழுதினாலும் அவர் பார்த்த பிறகுதான்.

நன்றாகவே எழுதியிருந்தேன். ‘என் தந்தை தைப்பிங்கில் ஒரு உணவகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கேஷியராக இருந்தவர். மூன்று மொழி படிக்கத் தெரிந்தவர். என் முதல் ஆசிரியர்.’

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

“பத்தொன்பது இல்ல. பதினாறு.”

“பத்தொன்பதுதானேத்தா? நான் பொறக்கறதுக்கு முன்னாடி போனீங்க...”

“இருந்தது பத்தொன்பது. கல்லாவுல உக்காந்தது பதினாறு.” அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மொத மூணு வருஷம் பின்கட்டுல இருந்தேன். தட்டு கழுவினேன்.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“கேஷியர் வேலைன்னுதான் ஏஜெண்ட் சொன்னான். நம்பிப் போனேன். அங்க போனா இது. ஊருக்கு எப்படிச் சொல்றது? புதுசா கல்யாணம் ஆனவன். கேஷியர்னே சொல்லி வச்சிட்டேன். அப்புறம் மொதலாளி என் கணக்கைப் பார்த்துட்டு மேல ஏத்தினார். அதோட அது போச்சுன்னு இருந்தேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்னிக்கு அந்தத் தம்பி படிச்சாரே... எச்சில் தட்டுன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது, எவன் சொன்னான்னு. எழுதப் படிக்கத் தெரியாதுன்னு வந்ததெல்லாம் எனக்குப் பெருசாவே படல. அதைக் கிளறாம இருந்தாப் போதும்னு வச்சேன் கைநாட்டு.”

“எனக்குத் தெரியாதுத்தா. சும்மா... நானா எழுதினேன்.”

“இப்பத்தான் புரியுது.”

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“மாத்தவாத்தா? ஓட்டல்ல வேலை பார்த்தார்னு பொதுவா போட்டுடவா?”

“வேணாம். மூணு வருஷம் தட்டு, பதினாறு வருஷம் கல்லா. ரெண்டையும் போடு. அங்கேர்ந்து யாராவது படிச்சா படிக்கட்டும்.”

போட்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, “அங்க என்ன அத்தாவுக்கும் மவளுக்கும் ரகசியம்?” என்று குரல் கொடுத்தாள்.

அத்தா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். “இரு, வரேன் சுராயா. ஒரு விஷயம் சொல்லணும்,” என்று உள்ளே போனார்.